பெட்டிக்கு அடியில் ஒரு சீட்டு

கூடத்து அலமாரியின் மேல் இரண்டு மூன்று கொம்புகளை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வைஃபைப் பெட்டியை நேயர்களில் எத்தனை பேர் திருப்பிப் பார்த்திருப்பீர்கள்? பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்போம். எரியாவிட்டால் குழந்தைகளில் ஒருவரைக் கூப்பிட்டு, சுவிட்சை ஒரு முறை அணைத்துப் போடச் சொல்வோம். அத்துடன் அந்த யந்திரத்துக்கும் நமக்கும் உள்ள உறவு தீர்ந்தது. ஆனால் அதைக் கவிழ்த்துப் பார்த்தால், அடிப்பக்கத்தில் எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். விருந்தாளி வந்து கடவுச்சொல் கேட்கும்போது மட்டும் அந்தச் சீட்டுக்கு மரியாதை. அதில் உள்ள மற்ற எண்களும் முத்திரைகளும் பல தேசத்துச் சர்க்கார்கள் அந்தப் பெட்டிக்கு அளித்த அநுமதியின் அடையாளங்கள். அந்த அநுமதியைப் பற்றித்தான் இங்கே சற்று விசாரிக்கப் போகிறோம்.

மின்விசிறி விற்பவர், அதைத் தொட்டால் மின்சாரம் தாக்காது என்று ருசுப்படுத்தினால் பெரும்பாலும் போதும். வைஃபைப் பெட்டிக்கு அது போதாது. ஏனெனில் அது பேசும் யந்திரம். அதன் குரல் நம் வீட்டுச் சுவருக்குள் நிற்பதில்லை. அடுத்த வீட்டிலும் தெருவிலும் கேட்கிறது. உண்மையில் அது ஒரு சின்னஞ்சிறு ரேடியோ நிலையம். ஒரு ரேடியோ நிலையம் வைப்பதென்றால் நம் தேசத்தில் ஒரு காலத்தில் என்ன பாடு பட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், இந்தச் சீட்டின் அருமை விளங்கும்.

சென்னையில் 1924ஆம் ஆண்டில் உற்சாகிகள் சிலர் கூடி மாகாண ரேடியோ கிளப் ஒன்றை அமைத்து, ஒலிபரப்பும் நடத்தினார்கள். பணமுடையால் அது நின்றுபோக, 1930இல் சென்னை நகரசபை அந்தப் பணியை ஏற்றுக்கொண்டது. பிறகு 1933இல் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் கம்பியில்லாக் கருவியை உபயோகிப்பது ஒருபுறம் இருக்கட்டும். அதைக் கைவசம் வைத்திருப்பதே குற்றம் என்றது அந்தச் சட்டம். பாட்டுக் கேட்கும் ரேடியோவுக்குக்கூடத் தபாலாபீசில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்கிய காலம் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1980களின் நடுவில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது. 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் பம்பாயில் உஷா மேத்தாவும் அவருடைய தோழர்களும் காங்கிரஸ் ரேடியோவை இரகசியமாக நடத்தியபோது, போலீஸார் மோப்பம் பிடித்து வருவதற்குள் யந்திரத்தை இடம் மாற்றி இடம் மாற்றி வைத்தார்கள். நவம்பரில் அகப்பட்டார்கள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு நான்கு வருஷச் சிறைவாசம். ஆகாயத்தில் பேசும் உரிமையை அந்நிய சர்க்கார் எவ்வளவு பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

விசித்திரம் என்னவென்றால், அந்த 1933ஆம் ஆண்டுச் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் சௌக்கியமாக உயிரோடு இருந்தது. 2023இல் இயற்றப்பட்ட தொலைத்தொடர்புச் சட்டம்தான் அதற்கும், அதனினும் மூத்த 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்துக்கும் மாற்றாக வந்து, 2024 ஜூன் முதல் பகுதி பகுதியாக அமலாகத் தொடங்கியது. அப்படியிருக்க, இன்று சாதாரணக் குடும்பம் ஒன்றில் நாலைந்து பேசும் கருவிகள் லைசென்ஸ் இல்லாமல் நடமாடுகின்றனவே, அது எப்படி?

அந்தக் கதை அடுப்பங்கரையிலிருந்து தொடங்குகிறது. ரேடியோ அலைகளால் செய்தி அனுப்புவது மாத்திரம் அல்ல, சோறும் சுட வைக்கலாம் என்று இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் அமெரிக்கர்கள் கண்டுகொண்டார்கள். இன்று மைக்ரோவேவ் அடுப்பு என்கிறோமே, அதுதான். 1947இல் அமெரிக்காவில் அட்லாண்டிக் நகரத்தில் கூடிய சர்வதேச மகாநாடு, தொழில், விஞ்ஞானம், வைத்தியம் ஆகியவற்றின் உபயோகத்துக்கென்று சில அலைவரிசைகளை ஒதுக்கிற்று. 2400 மெகாஹெர்ட்ஸை அடுத்த பகுதி இத்தகைய ஒதுக்கீடுகளில் ஒன்று. அடுப்புகள் இரைந்துகொண்டிருக்கும் இடத்தில் எந்த மகாராஜன் குடியேறுவான்? ஊருக்கு வெளியே கிடக்கும் புறம்போக்கு நிலத்தைப்போல் அது கேட்பாரற்றுக் கிடந்தது.

1985இல் அமெரிக்கத் தகவல்தொடர்புக் கமிஷன், அதாவது எப்.ஸி.ஸி., அந்தப் புறம்போக்கில் யார் வேண்டுமானாலும் லைசென்ஸ் இன்றிப் பேசலாம் என்று விதி செய்தது. செய்தியை ஒரே இடத்தில் குவிக்காமல், விதை தூவுவதுபோல் அகலமான அலைவரிசையில் தூவி அனுப்ப வேண்டும். குரலும் அடக்கமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கமிஷனில் உத்தியோகம் பார்த்த மைக்கேல் மார்க்கஸ் என்னும் எஞ்சினியர் இதற்காகப் பெரிதும் பாடுபட்டார். அந்தப் புறம்போக்கில் முளைத்த செடிதான் வைஃபை. நம் நாட்டில் 2005 ஜனவரியில் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையில் லைசென்ஸ் தேவையில்லை என்று உத்தரவாயிற்று. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் முதலில் கட்டடத்துக்குள் மட்டும் என்று இருந்த தடை 2018 அக்டோபரில் நீங்கி, மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் திறந்துவிடப்பட்டது. (கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் 1890களிலேயே சுமார் 5 மில்லிமீட்டர் நீளமே உள்ள குறுஅலைகளைக் கையாண்டார். இன்று 60 கிகாஹெர்ட்ஸ் வைஃபை என்று சிலாகிக்கும் அலைகள் அந்த ஜாதியைச் சேர்ந்தவைதான். இதை நம் மாணாக்கர்களுக்குச் சொல்லாமல் நம்மால் இருக்க முடிவதில்லை.)

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். லைசென்ஸ் என்பது மனிதனுக்குக் கொடுப்பது. மாதிரி அநுமதி என்பது யந்திரத்துக்குக் கொடுப்பது. ஆளைச் சோதிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டால், அவன் கையில் இருக்கும் யந்திரத்தையாவது சோதித்தாக வேண்டும் அல்லவா? வீட்டுக்கு வீடு இன்ஸ்பெக்டர் வந்து எட்டிப்பார்க்காமல் இருப்பதற்கு அந்தப் பெட்டியின் மாதிரி எங்கேயோ ஒரு பரிசோதனைச் சாலையில் பரீட்சை எழுதித் தேறியிருப்பதே காரணம். அமெரிக்க விதியில் இத்தகைய கருவிக்கு இரண்டே கட்டளைகள் பிரதானம்: பிறருக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது; பிறரால் வரும் இடைஞ்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டு உத்தரவுகளின் சாரமும் அதுவே. கூட்டுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட மருமகளுக்குப் பெரியவர்கள் சொல்லி அனுப்பும் புத்திமதியைப்போல் இருக்கிறது!

பரீட்சை நடக்கும் இடம் பார்க்கத் தகுந்தது. வெளி அலை எதுவும் உள்ளே நுழையாதபடி உலோகத் தகட்டால் மூடிய ஓர் அறை. சுவரெங்கும் கூர்நுனி கொண்ட கரிய கூம்புகள் வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். அலைகள் சுவரில் பட்டு எதிரொலிக்காமல் அவை விழுங்கிவிடுகின்றன. அந்த அறைக்குள் புகுந்து பேசினால் நம் குரலே நமக்கு அந்நியமாகத் தோன்றும் என்பார்கள். நடுவே சுழல்மேடை. அதன்மேல் நம் பெட்டி. மூன்று மீட்டர் தூரத்தில் ஓர் ஆண்டெனா, ஒரு மீட்டரிலிருந்து நாலு மீட்டர் உயரம் வரையில் ஏறி இறங்கும். பெட்டி முழு வட்டமும் சுற்றிவர, எந்தப் பக்கத்தில், எந்த அலைவரிசையில், எவ்வளவு பலமாகக் கத்துகிறது என்று கணக்கெடுக்கிறார்கள். தனக்கு விட்ட பகுதியில் அளவோடு பேசுகிறதா என்பது ஒரு கேள்வி. விடாத பகுதியில் முணுமுணுக்கிறதா என்பது அதைவிட முக்கியமான கேள்வி. அமெரிக்காவில் இந்தப் பரீட்சையின் விடைத்தாளைப் பொதுஜனங்களும் பார்க்கலாம். பெட்டியின் சீட்டில் உள்ள எப்.ஸி.ஸி. எண்ணைக் கொண்டு தேடினால், பெரும்பாலும் அதன் பரிசோதனை அறிக்கையும், மூடியைக் கழற்றி எடுத்த புகைப்படமும் கிடைக்கின்றன. கம்பெனிக்காரர் பெட்டியை ஒட்டி மூடினாலும், அதன் வயிற்றில் இருப்பது ஊரறிந்த இரகசியம். இந்த ஏற்பாடு நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஊருக்கு ஊர் அளவு வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ஆண்டெனாவின் உதவியையும் சேர்த்து 4 வாட் வரையில் இந்தியாவில் பேசலாம். ஐரோப்பாவிலோ 100 மில்லிவாட்டுக்கு மேல் மூச்சு விடக் கூடாது. நாற்பது மடங்கு வித்தியாசம். ஐரோப்பாவில் 13 சானல்கள். அமெரிக்காவில் வழக்கமாக 11. கம்பெனிக்காரர் தேசத்துக்கு ஒரு யந்திரம் செய்வாரா? ஒரே யந்திரத்தைச் செய்து, 'நீ இருப்பது இன்ன தேசம்' என்று உள்ளே இருக்கும் மென்பொருளுக்குச் சொல்லி வைக்கிறார். அந்தச் சொல்லுக்குத் தகுந்தபடி அது குரலை அடக்கிக்கொள்கிறது. வினை விளைந்தது இங்கேதான்.

5 கிகாஹெர்ட்ஸ் பகுதி புறம்போக்கு அல்ல. அங்கே ரேடார்கள் முன்பே குடியிருக்கின்றன. 1985 ஆகஸ்டு 2ஆம் தேதி அமெரிக்காவில் டாலஸ் விமான நிலையத்தில் இறங்க வந்த டெல்டா கம்பெனி விமானம் ஒன்று, இடிமேகத்தின் அடியில் திடீரென்று கீழ்நோக்கி அறைந்த காற்றில் சிக்கித் தரையில் மோதியது. 130 பேருக்கு மேல் மாண்டார்கள். இத்தகைய விபத்துகளுக்குப் பிறகு, பெரிய விமான நிலையங்களின் அருகே அந்தக் கொலைகாரக் காற்றை முன்கூட்டியே கண்டறியும் விசேஷ ரேடார்களை அமைத்தார்கள். அவை பேசும் இடம் 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரை. வைஃபைக்கும் அந்த வட்டாரத்தில் இடம் கொடுத்தபோது ஒரு கண்டிப்பான நிபந்தனை போட்டார்கள். பெட்டி வாயைத் திறக்குமுன் 60 விநாடி மௌனமாகக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ரேடாரின் துடிப்புக் கேட்டால் அங்கே பேசவே கூடாது. பேசிக்கொண்டிருக்கும்போது கேட்டால் 10 விநாடிக்குள் வேறு சானலுக்கு ஓடிவிட வேண்டும். அரை மணி நேரம் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. பரிசோதனைச் சாலையில் போலி ரேடார்த் துடிப்புகளை அனுப்பி, பெட்டி ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள். பெரியவர் வருகிறார் என்றால் திண்ணையிலிருந்து எழுந்துகொள்ளும் பழைய வழக்கத்தை யந்திரத்துக்குக் கற்பித்திருக்கிறார்கள் என்று சொல்லலாம்.

ஆயினும், 2009இல் போர்ட்டோ ரீக்கோ தீவில் ஸான் யுவான் விமான நிலையத்துக்கான ரேடாரின் திரையில் மழையும் இல்லாத, காற்றும் இல்லாத கோடுகள் விழுந்தன. துருவிப் பார்த்ததில், கூரைக்குக் கூரை இணையத் தொடர்பு கொடுக்கும் கம்பியில்லாப் பெட்டிகள் அந்த அலைவரிசையில் பேசிக்கொண்டிருந்தது வெளியாயிற்று. காது கேட்கும் ஏற்பாடு சிலவற்றில் சரிவர வேலை செய்யவில்லை. சிலவற்றில் அதை அணைத்தே வைத்திருந்தார்கள். அந்தத் தீவில் சிலருக்குப் பிற்பாடு எப்.ஸி.ஸி. அபராதம் விதித்தது. (சென்னைத் துறைமுகத்தருகே 2002இல் அமைந்த புயல் ரேடார் வேறு அலைவரிசையைச் சேர்ந்தது. ஆகவே நம் வீட்டு வைஃபை புயல் எச்சரிக்கையைக் கெடுத்துவிடுமோ என்று யாரும் பயப்பட வேண்டாம்.)

பரீட்சையில் தேறிய யந்திரம், பிறகு மென்பொருளில் ஓர் எழுத்தை மாற்றியதும் வேறு யந்திரமாகிவிடுகிறது. இரும்பையும் கம்பியையும் சோதித்த காலத்துச் சட்டம் இதை எதிர்பார்க்கவில்லை. எனவே 2014இல் எப்.ஸி.ஸி., 5 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் ரேடியோவை ஆளும் மென்பொருளைப் பிறர் மாற்ற முடியாதபடி பந்தோபஸ்து செய்ய வேண்டும் என்று விதித்தது. நியாயந்தானே என்று தோன்றும். கம்பெனிக்காரர்களுக்கோ, ரேடியோவை மட்டும் தனியே பூட்டுவதைவிடப் பெட்டி முழுவதையும் பூட்டிவிடுவது சுலபம், செலவும் சொற்பம். 2015இல் கமிஷன் அலுவலகம் வெளியிட்ட ஒரு குறிப்பு, வெளியார் எழுதிய மென்பொருளில் ஒன்றைப் பெயர் சொல்லியே, 'அது ஏறாமல் எப்படித் தடுக்கிறீர்கள்?' என்று கேட்டது. உடனே பெருங்கூச்சல் எழுந்தது.

கூச்சலுக்குக் காரணம் உண்டு. 2003இல் லிங்க்ஸிஸ் என்னும் கம்பெனி தன் ரவுட்டர் ஒன்றின் மென்பொருள் மூலத்தை வெளியிட நேர்ந்தது. பொதுவுடைமையான லினக்ஸ் மென்பொருளை அது உபயோகித்திருந்தபடியால், அந்த உடைமையின் ஷரத்துப்படி வெளியிட்டுத்தான் தீர வேண்டும். அதைக் கொண்டு ஆர்வலர்கள் 2004இல் 'ஓப்பன்டபிள்யூஆர்டி' என்னும் மென்பொருளைத் தொடங்கினார்கள். ரவுட்டர் செய்தவர் இரண்டொரு வருஷத்தில் பழைய மாதிரியைக் கைகழுவிவிடுவார். திருடர் நுழையும் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அடைக்க மாட்டார். அப்போது அந்தப் பெட்டியைக் குப்பையில் எறியாமல், ஓட்டையை அடைத்து மேலும் பல வருஷம் ஓட்டுவதற்கு இத்தகைய மென்பொருள்தான் கதி. 2016இல் 'மிராய்' என்னும் நச்சு மென்பொருள் காவலற்றுக் கிடந்த ரவுட்டர்களையும் காமிராக்களையும் லட்சக்கணக்கில் அடிமைப்படுத்தி, பெரிய பெரிய இணையத்தளங்களையே ஸ்தம்பிக்கச் செய்தது. ஆகவே பூட்டுப் போட்டால் ரேடாருக்கு க்ஷேமம். ஆனால் வீட்டுக்குத் திருடன் வந்தால் வீட்டுக்காரரிடமே சாவி இல்லை! இணையத்தின் தந்தையரில் ஒருவரான விண்ட் செர்ப்பும், டேவ் டாட்டும், இன்னும் 260 நிபுணர்களும் 2015இல் கையெழுத்திட்டு கமிஷனுக்கு எழுதிய கடிதத்தின் உட்கிடை இதுதான்: மென்பொருளை மூடுவதில் பத்திரம் இல்லை, அதை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைப்பதில்தான் பத்திரம் இருக்கிறது.

கமிஷன் காது கொடுத்துக் கேட்டது என்பதையும் சொல்ல வேண்டும். குறிப்பைத் திருத்தியது. 2016 ஆகஸ்டில் டிபி-லிங்க் கம்பெனியின் சில ரவுட்டர்களில் தேசத்தின் பெயரை மாற்றிச் சொன்னால் அளவுக்கு மீறிய குரல் கிளம்புகிறது என்று கண்டு, இரண்டு லட்சம் டாலர் செலுத்தச் செய்தபோது, வெளியார் மென்பொருள் ஏறுவதற்கும் வழி தேட வேண்டும் என்ற நிபந்தனையை உடன்பாட்டிலேயே சேர்த்தது. கையைக் கட்டிய அதே சர்க்கார் கட்டை அவிழ்க்கவும் சொல்லிற்று!

இவ்விஷயத்தில் நம் அபிப்பிராயம் மறைவானதல்ல. ஆகாயம் பொதுச் சொத்து. அதில் விமானங்களும் புயல் ரேடார்களும் பிழைத்திருப்பதற்காகச் சர்க்கார் எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும் தகும். குரலின் உச்ச அளவைச் சில்லிலேயே பூட்டி வைக்கட்டும். ஆனால் பெட்டி நாம் காசு கொடுத்து வாங்கிய சொத்து. அதன் மற்ற மென்பொருளை மாற்றும் உரிமையை அலைகளின் பெயரைச் சொல்லிப் பறிப்பது, தெருவில் வண்டி வேகமாகப் போகக் கூடாது என்பதற்காக வண்டிக்காரன் வீட்டுக் கதவைத் தாழிடுவதற்கு ஒப்பாகும். ஐரோப்பாவின் 2014ஆம் ஆண்டு ரேடியோச் சாதன விதியிலும் இத்தகைய பூட்டுக்கு இடம் வைத்த ஒரு ஷரத்து உண்டு. அதைப் பற்றிய வாதமும் அங்கே நீண்ட நாள் நடந்தது. மறுபக்கத்தில், நல்ல மாறுதலும் காண்கிறோம். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் இணையச் சாதனங்களை விற்பவர், இன்ன தேதி வரை ஓட்டைகளை அடைத்துக் கொடுப்போம் என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்கவும் கூடாது. மருந்துப் புட்டியில் காலாவதித் தேதி போடச் சொல்லும் நம் தேசம் இதை ஏன் கேட்கக் கூடாது?

நம் நாட்டு நடைமுறையும் முன்னைப்போல் கடினமாக இல்லை. மாதிரி அநுமதியைத் தருவது மத்திய சர்க்காரின் தொலைத்தொடர்பு இலாகாவைச் சேர்ந்த டபிள்யூ.பி.ஸி. பிரிவு. 2019 முதல், லைசென்ஸ் தேவைப்படாத அலைவரிசைகளில் இயங்கும் பல கருவிகளுக்கு, பரிசோதனை அறிக்கையுடன் கம்பெனிக்காரர் தாமே உறுதிமொழி அளித்து, 'சரள் சஞ்சார்' என்னும் இணையதளம் வழியாக எண் வாங்கிவிடலாம். இது சௌகரியமே. என்றாலும் உறுதிமொழி கொடுப்பவர் யோக்கியராக இருப்பது மட்டும் போதாது. கடையிலிருந்து பெட்டிகளை எடுத்து மறுபடி சோதிப்பவரும் விழித்திருக்க வேண்டும். வேறு ஒரு திக்கிலிருந்து, 2017இல் செய்த விதித் திருத்தத்தால் தொலைத்தொடர்புச் சாதனங்களுக்குக் கட்டாயப் பரிசோதனை ஏற்பட்டு, 2019 அக்டோபர் முதல் கட்டங்கட்டமாக வந்தது. மென்பொருளின் பாதுகாப்பைப் பார்ப்பதற்கென்று பெங்களூரில் ஒரு தேசிய மையமும் இருக்கிறது. ஓட்டையை அடைக்கும் காலத்தைச் சீட்டில் அச்சிடச் செய்ய வேண்டுமென்றால் அதற்கேற்ற ஸ்தாபனங்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை.

நம்மிடம் முன்பு படித்த இளைஞர் ஒருவர், வெளிநாட்டுக் கடை ஒன்றிலிருந்து மலிவான ரவுட்டரைத் தபாலில் வரவழைத்தார். சுங்கச் சாவடியில் அதை நிறுத்தி, மாதிரி அநுமதி எண் எங்கே என்று கேட்டார்கள். அவரிடம் இல்லை, விற்ற கடைக்காரர் பதிலே எழுதவில்லை. பார்சல் பல வாரம் அங்கேயே கிடந்து, கடைசியில் திரும்பிப் போயிற்று. "நம் கடைத்தெருவிலேயே வாங்கியிருக்கலாம், ஸார்" என்றார். கடைத்தெருவில் வாங்குகிறவர்களும் இரண்டு நிமிஷம் செலவழித்து, பெட்டியிலோ உறையிலோ ஈ.டி.ஏ. எண் இருக்கிறதா, மின்சாரம் கொடுக்கும் அடாப்டரில் பி.ஐ.எஸ். முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது நலம். கடைக்காரரிடம் இன்னும் ஒரு கேள்வியும் கேட்டு வையுங்கள்: "இந்த மாதிரிக்குக் கம்பெனிக்காரர் எத்தனை வருஷத்துக்குப் புதிய மென்பொருள் கொடுப்பார்?" அநேகமாக அவர் விழிப்பார். பத்துப் பேர் கேட்டால் பதினொன்றாவது ஆளுக்குப் பதில் வைத்திருப்பார்.